தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பெண்கள்

காலை எட்டு மணி. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். வாசலில் போட்ட கோலம் இன்னும் அழியவில்லை.

ஒரு பெண் வந்து நிற்கிறாள். கையில் டார்ச் விளக்கு. தோளில் ஒரு பை. கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"ஆச்சி, தொட்டியைப் பார்க்கணும்."

"போன வாரந்தானே பார்த்துட்டுப் போனிய? இன்னைக்கும் என்னத்தைப் பார்க்கப் போறிய?"

"வாரா வாரம் பார்க்கணும்லா ஆச்சி!"

ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே வழி விடுகிறாள். வந்தவள் நேரே புறவாசலுக்குப் போகிறாள். சிமெண்டுத் தொட்டிக்குள் டார்ச் அடிக்கிறாள். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் உள்ளே சின்னச் சின்னப் புழுக்கள்! வெளிச்சம் பட்டதும் துள்ளித் துள்ளி அடியை நோக்கி ஓடுகின்றன.

"இது என்ன ஆச்சி?"

"அது தண்ணிப் பூச்சி. அது என்ன செய்யும்?"

"அடுத்த வாரம் றெக்கை முளைச்சு உங்க பேரனைக் கடிக்கும்."

ஆச்சி வாயடைத்துப் போகிறாள்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்களில், காய்ச்சல் காலம் வந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வீடு வீடாக ஏறி இறங்கும் இவர்களுக்குச் சர்க்கார் ஏட்டில் "மஸ்தூர்" என்றும், "கொசு ஒழிப்புப் பணியாளர்" என்றும் பெயர். ஊரில் "கொசு மருந்து ஊத்துறவங்க" என்றால்தான் தெரியும். பெண்களும் இருக்கிறார்கள், ஆண்களும் இருக்கிறார்கள். கிராம நர்சு, அங்கன்வாடி ஆசிரியை, சுய உதவிக் குழுப் பெண்கள், கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆகியோரும் அவ்வப்போது சேர்ந்துகொள்வார்கள்.

இவர்களுடைய எதிரி, ஒரு கொசு. அதுவும், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய கொசு!

கடையநல்லூர் காய்ச்சல்

2012-ம் ஆண்டு மே மாதம். கடையநல்லூர் என்ற பெயர் திடீரென்று பத்திரிகைகளில் அடிபட்டது. தென்காசிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. அப்போது அது நெல்லை மாவட்டத்தில் இருந்தது. (2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று.)

வீட்டுக்கு வீடு காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். கை வைத்தியம் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டார்கள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார்கள். அப்போதுதான் சில குழந்தைகளுக்குக் கை கால் சில்லிட்டது! பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுக்கைகள் நிரம்பின.

அது டெங்குக் காய்ச்சல்.

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் 50 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு டெங்கு வந்தது. அதில் 12 ஆயிரத்து 800-க்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அதாவது, நாலில் ஒரு பங்கு! தமிழ்நாட்டில் 66 பேர் இறந்தார்கள் என்பது சர்க்கார் கணக்கு.

கடையநல்லூருக்கு அதிகாரிகளும் டாக்டர்களும் ஓடினார்கள். புகை அடித்தார்கள். நிலவேம்புக் குடிநீரை அண்டா அண்டாவாகக் காய்ச்சித் தெருத் தெருவாக ஊற்றினார்கள். வீடு வீடாகத் தொட்டிகளைச் சோதிக்க ஆட்களை இறக்கினார்கள். கடைசியில் சொன்ன இந்த வேலைதான் இருப்பதிலேயே சிரமமானது. காய்ச்சலை வராமல் தடுத்ததில் இதற்குத்தான் பெரிய பங்கு உண்டு. ஆனால் புகைப்படத்தில் நன்றாக விழுவது என்னவோ புகை மிஷின்தான்!

மறு ஆண்டு நோய் பாதியாகக் குறைந்தது. சாவு இல்லை என்று சர்க்கார் கணக்குச் சொன்னது. ஜனங்கள் மறந்தார்கள். கொசு மறக்கவில்லை. 2017-ல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் படுக்கையில் தள்ளியது. 65 பேர் இறந்தார்கள்.

நல்ல தண்ணீர்க் கொசு

கொசு என்றால் நமக்குச் சாக்கடைதான் நினைவுக்கு வரும். டெங்குக் கொசு அப்படி அல்ல. அது சுத்தக்காரி! சாக்கடைப் பக்கம் போகாது. குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், மழைத் தண்ணீர், இவைதான் அதற்கு வேண்டும். "ஏடிஸ்" என்று டாக்டர்கள் அழைக்கும் இந்தக் கொசுவின் காலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டம் இருக்கும். இரவில் கடிப்பது அபூர்வம். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்பும் கடிக்கும். தானாகப் பறந்து அதிக தூரம் போகாது. பெரும்பாலும் நாலைந்து வீடுகளைத் தாண்டாது. உங்கள் குழந்தையைக் கடித்த கொசு, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

அது எங்கே முட்டை இடுகிறது என்று பாருங்கள். தண்ணீருக்குள் அல்ல! தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை. மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்பாக இருக்கும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடுமா? போகாது. வெயிலில் காய்ந்தாலும் சாகாது. பத்தாயத்தில் போட்ட விதை நெல்லைப்போல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். என்றைக்குத் தண்ணீர் ஏறி அதைத் தொடுகிறதோ, அன்றைக்குப் பொரியும். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும்.

ஆகவேதான் அந்தப் பெண்கள், "தண்ணியைக் கொட்டுங்க" என்பதோடு நிற்பதில்லை. "தேய்ச்சுக் கழுவுங்க" என்கிறார்கள். தென்னை நார் போதும். ப்ளீச்சிங் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை ஜனங்கள் மனத்தில் பதிய வைப்பதற்குள் அவர்களுக்குத் தொண்டை வற்றிவிடுகிறது.

தொட்டி மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய ஆட்டுரலின் குழியில் தேங்கும் மழைத் தண்ணீர், மாட்டுத் தொழுவத்தில் கிடக்கும் உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை, கூரைமேல் போட்ட சைக்கிள் டயர், இளநீர்க் கூடு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தட்டு, இத்தனையும் அந்தக் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி!

ஆறு ஓடுகிறது, குழாய் ஓடவில்லை

இங்கேதான் சிக்கல் ஆரம்பம் ஆகிறது.

"தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. அதைக் கீழ கொட்டச் சொல்லுதிய! குடிக்க என்ன செய்ய?"

ஆச்சி கேட்கும் இந்தக் கேள்விக்கு நோட்டுப் புத்தகத்தில் பதில் இல்லை.

பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, ஏறக்குறைய 130 கிலோ மீட்டர் ஓடுகிறது. இரண்டு பருவ மழையும் இதற்கு உண்டு. காரும் பிசானமும் விளையும் பூமி. தூத்துக்குடிக்கும், விருதுநகர் பக்கத்து ஊர்களுக்கும்கூட இந்த ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாகப் போகிறது. ஆயினும், ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. ஆகவே குடம், அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி என்று எது கிடைத்தாலும் பிடித்து நிரப்பி வைக்கிறார்கள். மழை பெய்தால் டெங்கு வரும் என்பார்கள். மழை பெய்யாவிட்டாலும் வரும். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் தொட்டிகள் பெருகும். தொட்டிகள் பெருகினால் கொசு பெருகும்!

ஆச்சியைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் அவள் ஏன் பத்துப் பாத்திரத்தில் பிடித்து வைக்கப் போகிறாள்? கொசுவை ஒழிக்கும் முதல் மருந்து, ஒழுங்காக வரும் குழாய்த் தண்ணீர்தான். அது வரும்வரை?

அனுபவப்பட்ட பணியாளர்கள் ஆச்சியோடு சண்டை போடுவதில்லை. தண்ணீரைக் கொட்டச் சொல்வதும் இல்லை. "தண்ணி என்னைக்கு வரும் ஆச்சி?" என்று கேட்கிறார்கள். "வெள்ளிக்கிழமை" என்றால், "அப்போ வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தொட்டியைக் காலி பண்ணுங்க. மிஞ்சினதை மாட்டுக்கு வையுங்க, செடிக்கு ஊத்துங்க. தேய்ச்சுக் காயப் போடுங்க. வெள்ளிக்கிழமை பிடியுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். டிரம்முக்கு மூடி இல்லாவிட்டால், தாத்தாவின் பழைய வேட்டியை இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த ஈரத் துணியிலேயே கொசு முட்டை இட்டுவிடும்.

கழுவ முடியாத பெரிய தொட்டியில் புழுக்கொல்லி மருந்து ஊற்றுகிறார்கள். "அபேட்" என்று அதற்குப் பெயர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. அந்த அளவில் மனிதனுக்குக் கெடுதி இல்லை. ஆனால் லேசாக ஒரு வாடை அடிக்கும். அவ்வளவுதான், "மருந்து ஊத்தி எங்க தண்ணியைக் கெடுத்துட்டாவ!" என்று தெருவே கூடிவிடும். பணியாளர் தலை மறைந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பவர்களும் உண்டு. (சுவரைத் தேய்த்துவிட்டுப் பிடித்தால் அதுவும் நல்லதுதான்!)

பீடி சுற்றும் கைகள்

முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றுவது பெண்களுக்கு முக்கியமான தொழில். மடியில் முறம். முறத்தில் இலையும் தூளும். காலை நீட்டி உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும். கணுக்காலில் கொசு உட்கார்ந்தால் அடிக்கக்கூடக் கை ஓயாது. பகலில் கடிக்கும் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது?

பகலெல்லாம் வயலில் நிற்பவனைவிட, வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும்தான் இந்தக் கொசுவால் ஆபத்து அதிகம். பீடி சுற்றும் பெண்கள் காலை மூடிச் சேலையை இழுத்துவிட்டுக்கொள்வதும், தொட்டில் பிள்ளைக்குப் பகலிலும் வலை கட்டுவதும் அவசியம்.

காய்ச்சல்காரருக்கும் பகலில் வலை வேண்டும். ஏன்? டெங்கு மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகத் தொற்றுவதில்லை. காய்ச்சலில் கிடப்பவரைக் கொசு கடிக்க வேண்டும். அதன் உடம்புக்குள் கிருமி சுமார் பத்து நாள் வளர வேண்டும். பிறகு அந்தக் கொசு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்!

ஹவானாவில் நடந்த கதை

வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பித் தொட்டி பார்க்கும் இந்த யுக்தி இன்று நேற்று வந்தது அல்ல. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

கடலுக்கு அப்பால் கியூபா என்றொரு தீவு. அதன் தலைநகர் ஹவானா. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரை மஞ்சள் காய்ச்சல் பிடித்து ஆட்டியது. கார்லோஸ் பின்லே என்ற கியூபா டாக்டர், "இதைப் பரப்புவது கொசுதான்" என்று 1881-ல் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு அவரைக் கேலி செய்தார்கள். 1900-ல் வால்டர் ரீடு என்ற அமெரிக்க ராணுவ டாக்டரின் குழு சோதனை செய்து பார்த்தது. பின்லே சொன்னது சரிதான்!

அது எந்தக் கொசு தெரியுமா? இன்று ஆச்சி வீட்டுத் தொட்டியில் துள்ளும் அதே ஏடிஸ் கொசு!

வில்லியம் கார்காஸ் என்ற டாக்டர் அப்போது ஹவானாவின் சுகாதார அதிகாரி. அவர் ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்தார். வட்டத்துக்கு இவ்வளவு ஆள் என்று போட்டார். அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். தண்ணீர்ப் பீப்பாய்களை மூட வைத்தார்கள். வேண்டாத தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். புழு இருந்த வீட்டுக்காரருக்கு அபராதம் போட்டார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஆனால், 1901-ல் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மஞ்சள் காய்ச்சல் ஹவானாவை விட்டு ஓடிவிட்டது!

அபராதம் நம் ஊரிலும் உண்டு. 1939-ம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளர இடம் கொடுப்பதைத் தடுக்கும் பகுதி இருக்கிறது. 2017-ல் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும், கடைக்காரர்களுக்கும் நோட்டீசு பறந்தது. ஏழை வீட்டில் அபராதம் போட எந்தப் பணியாளருக்கும் மனம் வராது. அவளும் அதே தெருக்காரிதானே!

வியட்நாம் நாட்டில் வேறு வழி கண்டார்கள். தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிற்றுயிர். "மீசோசைக்ளாப்ஸ்" என்று பெயர். கொசுப் புழு பொரிந்ததும் அதைப் பிடித்துத் தின்றுவிடும். 1990-களில் கிராமத்துத் தொண்டர்களும், ஆசிரியர்களும், பள்ளிப் பிள்ளைகளும் இதைத் தொட்டி தொட்டியாகக் கொண்டுபோய் விட்டார்கள். பல கிராமங்களில் டெங்குக் கொசு அற்றே போயிற்று. வினோதம் என்னவென்றால், முற்காலத்தில் நம் ஊர்க் கிணறுகளில் இருந்து "நரம்புச் சிலந்தி" நோயைக் கொடுத்ததும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பூச்சிதான். அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டது. 2000-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்று கொடுத்தது.

காய்ச்சல் விட்டபின் கவனம்!

தொட்டி பார்க்க வரும் பெண் இன்னொன்றும் கேட்பாள். "வீட்டில யாருக்கும் காய்ச்சல் இருக்கா?"

பலர் மறைக்கிறார்கள். "சொன்னா ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவாவ" என்று பயம். மறைப்பதுதான் ஆபத்து. ஒரு வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால், சுற்றியுள்ள வீடுகளின் தொட்டிகளை உடனே பார்த்துவிடலாம்.

டெங்குக்கென்று தனி மருந்து கிடையாது. தண்ணீர், கஞ்சி, இளநீர் என்று நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், புரூபென் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

காய்ச்சல் இறங்கும் சமயம்தான் உஷார்! ஓயாத வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், குழந்தை துவண்டு கிடத்தல், வெகு நேரம் சிறுநீர் கழியாமை, இவற்றில் எது தெரிந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா? குடிப்பவர் குடிக்கட்டும். ஆனால் கசாயம் குடித்தாயிற்று என்று தொட்டியைக் கழுவாமல் இருந்துவிட்டால், கொசுவுக்குக் கொண்டாட்டம்தான். புகை அடிப்பதும் அப்படியே. பறக்கிற கொசு சாகும். தொட்டிப் புழுவை அது ஒன்றும் செய்யாது. மறு வாரம் புதுக் கொசுக்கள் கிளம்பிவிடும்.

கூலி வேலை

காலையில் கிளம்பினால் ஒரு நாளைக்குப் பல பத்து வீடுகள். வெயிலோ சாரலோ, நடைதான். சில வீட்டில் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும். சில வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்காது. மச்சு வீடுகளில், "எங்க வீட்டில கொசுவே கிடையாது" என்று வாசலிலேயே பதில் வந்துவிடும். மாடித் தொட்டியின் மூடி திறந்து கிடப்பதை அந்த வீட்டுக்காரர் பார்த்து எத்தனை மாதமோ!

இவ்வளவுக்கும் இவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். நிரந்தர வேலை கிடையாது. காய்ச்சல் அதிகமானால் ஆள் அதிகம் எடுப்பார்கள். காய்ச்சல் குறைந்தால் ஆளைக் குறைப்பார்கள். அதாவது, வேலையை நன்றாகச் செய்தால் வேலை போய்விடும்! விசித்திரமான உத்தியோகம். கொசு முட்டை காய்ந்து காத்துக் கிடக்கும் கோடையிலும் இவர்களுக்கு வேலை கொடுத்தால், மழைக்காலத்தில் இவ்வளவு ஓடவேண்டி இராது. டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். கூலிப் பட்டுவாடா வேறு மாதிரி இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை நெல்லைச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் கொட்டியது! தாமிரபரணி கரை புரண்டது. வெள்ளம் கொசுப் புழுவை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் வெள்ளம் வடிந்தபின், ஓட்டை உடைசல்களில் எல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும். கிணற்றுத் தண்ணீர் கெடும். வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு என்று வரிசையில் நிற்கும். சேற்றில் இறங்கித் தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் கலப்பதும், சிரட்டையைக் கவிழ்ப்பதும் அப்போதும் இப்படிப்பட்டவர்களின் வேலைதான்.

மீண்டும் ஆச்சி வீட்டுக்கு வருவோம்.

வந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே குனிந்து தொட்டிச் சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். அது அவள் வேலை அல்ல. ஆச்சிக்கு இடுப்பு வளையாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். அடியில் மிஞ்சிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று. ஆட்டுரலைக் கவிழ்க்க முடியாது. குழியில் மணலைப் போட்டு மூடினாள்.

"ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போ தாயி!" என்றாள் ஆச்சி.

"இன்னும் முப்பது வீடு இருக்கு ஆச்சி. அடுத்த வாரம் குடிக்கேன்."

சுவரில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"யக்கா, தொட்டியைப் பார்க்கணும்!"